போர்ட் – விளையாட்டுப் பெயர்ப்பு

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் ‘போர்ட்’ என்றால் துறைமுகம். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடம். அதே தெருப் பையன் கம்ப்யூட்டரில் கேம் போட்டுவிட்டு “போர்ட் சரியில்லப்பா, திக்கினே கீது” என்றால் அது வேறு சொல். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோலுக்கு (விளையாடுவதற்கென்றே செய்த பெட்டி) எழுதிய விளையாட்டைக் கணினியில் ஓடும்படி மாற்றி அமைப்பதே அவன் சொல்லும் போர்ட்.

ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றுதான். லத்தீனில் மூன்று சொற்கள். துறைமுகத்துக்கு ‘போர்ட்டுஸ்’, துறை. யூஎஸ்பி செருகும் போர்ட்டுக்கு ‘போர்ட்டா’, வாயில். விளையாட்டுக்கு ‘போர்ட்டாரே’, சுமந்து செல்லுதல். ரயிலடிப் போர்ட்டரும் இதன் வழி வந்தவர்தான். எனவே இங்கே ‘துறை’ என்று தமிழாக்குவது பிழை.

‘இடமாற்றம்’ என்றால் அரசு ஊழியரின் ஆணைதான் நினைவுக்கு வரும். ‘தழுவல்’ கதையை மாற்றுவதைக் குறிக்கும். ‘பெயர்ப்பு’ மிகப் பொருந்தும். தொல்காப்பிய மரபியல், முதல்நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலின் வகைகளில் ஒன்றை ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்கிறது. அதர் என்றால் வழி. பெயர்த்தால் மட்டும் போதாது, போய்ச் சேர்ந்த இடத்தின் வழிக்கு ஏற்பக் கட்டவும் வேண்டும். மோசமான போர்ட்டில் விடுபடுவது இந்தப் பாதிதான். ‘கணினிப் பெயர்ப்பு’ என்றால் இயந்திர மொழிபெயர்ப்போடு குழம்பும்; ‘விளையாட்டுப் பெயர்ப்பு’ என்பதே தெளிவு.

எங்கே சறுக்குகிறது? கன்சோலில் கிராபிக்ஸ் சிப் ஒரே வகை. ஒளி, நிழல், நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்களான ஷேடர்களை முன்கூட்டியே அதற்கெனத் தொகுத்து, அதாவது அந்தச் சிப்புக்குப் புரியும் வடிவுக்கு மாற்றி, அனுப்பிவிடலாம். கணினியில் கிராபிக்ஸ் கார்டும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் வீட்டுக்கு வீடு வேறு. அங்கேயே தொகுத்தாக வேண்டும். அதை ஆட்டத்தின் நடுவே செய்தால், புது எதிரி தோன்றும் ஒவ்வொரு முறையும் படம் திக்கும். நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி, தொகுப்பு அதைத் தாண்டினால் திக்கல். விலை உயர்ந்த கார்டு வாங்கினாலும் இது முழுதாய்த் தீராது.

நினைவகம் இன்னொன்று. பிளேஸ்டேஷன் 5 இல் 16 ஜிபி நினைவகம் செயலிக்கும் கிராபிக்ஸுக்கும் பொது. கணினியில் ரேம் தனி, கார்டின் சொந்த நினைவகமான விரேம் தனி. 8 ஜிபி கார்டு நிரம்பியதும் தரவு இரண்டுக்கும் இடையே ஓடத் தொடங்கும், வேகம் சரியும்.

விளையாட்டின் கணக்கைப் பிரேமோடு கட்டிவிடுவதும் உண்டு. ‘டார்க் சோல்ஸ் 2’ இல் 60 பிரேமில் ஆயுதங்கள் 30 பிரேமைவிட இருமடங்கு வேகத்தில் தேய்ந்தன. 2012 இல் கணினிக்கு வந்த முதல் பாகமோ, எந்தத் திரையானாலும் உள்ளே 1024×720 அளவில்தான் வரைந்தது. ரசிகர் ஒருவர் எழுதிய சிறு நிரல்தான் அதைத் திறந்துவிட்டது. காசு கொடுத்தவருக்கு இது அநியாயம். ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ 2015 ஜூனில் வந்த சில நாட்களிலேயே கணினிப் பதிப்பின் விற்பனை நிறுத்தப்பட்டு, அக்டோபரில்தான் திரும்பியது.

இப்படி ஒன்று கையில் சிக்கினால், முகப்பில் ஷேடர் தொகுப்பு முழுதாய் முடியும்வரை ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை விரேமுக்குள் அடங்கும்படி இறக்குங்கள். பிரேம் 45க்கும் 60க்கும் இடையே அலைந்தால் 30 இல் பூட்டுங்கள். சீரான 30 கண்ணுக்கு இதம். மவுஸ் இழுத்தால் தாமதமாய் வருகிறதா, அமைப்புகளில் மவுஸ் அசைவை மழுப்பும் ‘ஸ்மூத்திங்’கை அணையுங்கள். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். விளையாட்டைத் திறந்துவைத்து ஷேடர் தொகுக்கும் நேரமும் அந்த 2 மணியில் சேரும்.