ஸ்டேடியத்துக்கு ஓட்டுப் போடுமுன் குத்தகையைக் கேளுங்கள்

அமெரிக்காவில் நகரங்களும் கவுண்டிகளும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வெளியிடும் கடன் பத்திரங்களை அலசுவது என் வேலை. தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடம், பாலம் என்று எதற்குக் கடன் வாங்கினாலும், திருப்பிக் கட்டும் பணம் எங்கிருந்து வரும் என்று பார்ப்போம். என் மேசைக்கு வருவதில் எனக்கு அதிக எரிச்சலூட்டுவது விளையாட்டு அரங்கக் கடன்கள்தான். கணக்கு புரியாததால் அல்ல, நன்றாகவே புரிவதால்.

இங்கே குடியுரிமை பெற்ற நம்மவர்கள் பலர் இப்போது உள்ளூர் தேர்தல்களில் தவறாமல் ஓட்டுப் போடுகிறார்கள். விற்பனை வரியில் அரை சென்ட் கூடினால் என்ன, டீம் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தால் சரி என்று நினைப்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செய்தித்தாளில் வரும் கட்டுமானச் செலவு கதையின் பாதிகூட இல்லை. மீதி எல்லாம் அரங்கத்தை டீமுக்கு விடும் குத்தகை ஒப்பந்தத்தில் இருக்கிறது.

செயின்ட் லூயிஸை எடுத்துக்கொள்வோம். 1988-இல் அந்த ஊரின் கால்பந்து டீம் அரிசோனாவுக்குப் போய்விட்டது. (அமெரிக்கக் கால்பந்தைத்தான் சொல்கிறேன்.) புது டீமை இழுக்க, கூரை போட்ட பெரிய அரங்கம் ஒன்றைப் பொதுப் பணத்தில் கட்டினார்கள். மாநிலம் பாதி, நகரமும் கவுண்டியும் கால் கால் என்று ஆண்டுக்கு 2.4 கோடி டாலர் தவணை. 1995-இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ராம்ஸ் டீம் வந்தது. முப்பது ஆண்டுக் குத்தகை. ஆனால் அதற்குள் ஒரு விதி: 2005-இலும் 2015-இலும் இந்த அரங்கம் லீகிலேயே (டீம் உரிமையாளர்களின் கூட்டமைப்பு அது) முதல் கால்வாசிக்குள் இருக்கும் தரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டீம் குத்தகையை விட்டு வெளியேறலாம்.

வாடகைக்கு வருபவர், "பத்து வருடத்துக்கு ஒருமுறை தெருவிலேயே நல்ல வீடாக இதை இடித்துக் கட்டித் தரணும், இல்லையென்றால் காலி பண்ணிடுவேன்" என்று எழுதி வாங்கினால் எந்த வீட்டுக்காரராவது கையெழுத்துப் போடுவாரா? செயின்ட் லூயிஸ் போட்டது. 2013-இல் குத்தகைத் தகராறைத் தீர்க்க வந்த நடுவர்கள் ராம்ஸ் கேட்ட புதுப்பிப்புத் திட்டத்தை ஏற்றார்கள். அதன் செலவு ஏறக்குறைய 70 கோடி டாலர். ஊர் முடியாது என்றது. முப்பது ஆண்டுக் குத்தகை அத்தோடு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் குத்தகையாகச் சுருங்கியது. 2016 ஜனவரியில் ராம்ஸ் திரும்ப லாஸ் ஏஞ்சலஸ் போக லீகின் மற்ற டீம் உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள். அரங்கத்தின் கடன் மட்டும் ஊரிலேயே இருந்தது. பிறகு வழக்கு நடந்தது, 2021-இல் லீகும் ராம்ஸும் 79 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டன, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வக்கீல்களுக்குப் போனது. அந்தப் பணத்தையும் குத்தகை வாங்கித் தரவில்லை. டீம்கள் இடம் மாறுவதற்கு லீகே எழுதி வைத்திருந்த விதிகளை மீறியதாகச் சொல்லித்தான் வழக்குப் போட்டார்கள்.

சின்சினாட்டி கதை வேறு மாதிரி. அங்கே டீம் போகவில்லை. ஆனால் போகாமல் இருந்ததற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். 1996 மார்ச்சில், சின்சினாட்டி இருக்கும் ஹாமில்டன் கவுண்டி மக்கள் அரை சென்ட் விற்பனை வரிக்கு ஆமாம் என்றார்கள். கால்பந்து டீமான பெங்கால்ஸுக்கு ஒன்று, பேஸ்பால் டீமான ரெட்ஸுக்கு ஒன்று என இரண்டு அரங்கங்கள். கூடவே வீட்டுச் சொத்து வரியில் தள்ளுபடி தருவதாகவும் வாக்குறுதி. வரி வசூல் எதிர்பார்த்த அளவு வளரவில்லை. தள்ளுபடியில் கைவைத்தார்கள். கவுண்டிக்குச் சொந்தமான மருத்துவமனை ஒன்றையே விற்றார்கள். குத்தகையிலோ, எதிர்காலத்தில் வரக்கூடிய கருவிகளைக் கவுண்டியே வாங்கித் தர வேண்டும் என்ற பட்டியல் இருந்தது. அப்போது நடைமுறையிலேயே இல்லாத ஹாலோகிராம் மறு ஒளிபரப்புகூட அதில் இருந்தது! 2025-இல் போட்ட புதுக் குத்தகையிலும் 47 கோடி டாலர் புதுப்பிப்பில் 35 கோடி கவுண்டியுடையது.

இதில் நான் எல்லோரிடமும் சொல்லும் தகவல் ஒன்று உண்டு: மக்கள் ஓட்டுப் போட்டது 1996-இல், பெங்கால்ஸ் குத்தகை கையெழுத்தானது 1997-இல். அதாவது எதற்குச் சம்மதித்தோம் என்பது ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

ஏன் ஊர்கள் இப்படி இறங்கிப் போகின்றன? டீம்களின் எண்ணிக்கையை லீக்தான் முடிவு செய்கிறது. கால்பந்தில் 32, பேஸ்பாலில் 30. ஆசைப்படும் ஊர்கள் அதைவிட அதிகம். 1995 முதல் 2015 வரை லாஸ் ஏஞ்சலஸ் போன்ற மாநகருக்கே கால்பந்து டீம் இல்லை. அந்தக் காலி இடத்தைக் காட்டியே மற்ற ஊர்களிடம் காரியம் சாதித்தார்கள். எல்லா மிரட்டலும் வெற்று மிரட்டல் என்றும் சொல்ல மாட்டேன். சியாட்டில் 2008-இல் கூடைப்பந்து டீமை இழந்தது. ஓக்லாந்து சில ஆண்டுகளுக்குள் மூன்று டீம்களையும் இழந்தது. அவற்றில் கால்பந்து டீமான ரெய்டர்ஸ் லாஸ் வேகாஸ் கிளம்பியபோது, 1995-இல் அதே டீமைத் திரும்ப அழைத்து வர வாங்கிய கடன் இன்னும் பாக்கி இருந்தது. மறுபக்கம், சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்து மக்கள் பேஸ்பால் டீமான ஜெயன்ட்ஸின் அரங்கத்துக்கு நான்கு முறை ஓட்டில் மறுப்புச் சொன்னார்கள். கடைசியில் உரிமையாளர்களே பெரும்பாலும் தனியார் பணத்தில் கட்டி 2000-இல் திறந்தார்கள். டீம் அங்கேயே இருக்கிறது.

வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்று பலர் கேட்பார்கள். அதற்கு 1986 வரிச் சட்டமும் ஒரு காரணம். அரங்கக் கடனுக்கான தவணையில் பத்து சதவீதத்துக்கு மேல் டீமிடமிருந்து வந்தால், அந்தப் பத்திரத்தின் வட்டிக்கு மத்திய அரசின் வரிவிலக்கு கிடைக்காமல் போகலாம். ஸ்டேடியங்களுக்கு விலக்கு கிடைக்கக் கூடாது என்று நினைத்து எழுதிய சட்டம்தான். ஊர்கள் என்ன செய்தன? டீமிடம் குறைவாக வாங்கிக்கொண்டு மீதியைப் பொது வரியிலிருந்து கட்டத் தொடங்கின. 2000-க்குப் பிறகு 36 அரங்கங்களுக்கு இப்படிக் கிடைத்த விலக்கால் மத்திய அரசு இழந்தது 370 கோடி டாலர் என்று ப்ரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் 2016-இல் கணக்கிட்டது. டீமே இல்லாத ஊரில் இருப்பவரும் இதற்குக் கட்டுகிறார்.

வேலைவாய்ப்பு பெருகும், வியாபாரம் பெருகும் என்று ஆலோசகர் அறிக்கை ஒன்று எல்லாத் திட்டத்தோடும் வரும். நான் அதைக் கடைசியில்தான் படிப்பேன். கால்பந்து அரங்கில் சீசனுக்குப் பத்து ஆட்டம் நடந்தால் பெரிது. அங்கே ஒரு குடும்பம் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி அதே ஊர் உணவகத்திலோ திரையரங்கிலோ செலவாகியிருக்கும். பொருளாதார நிபுணர்கள் முப்பது வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறார்கள்.

"வெளியூர்க்காரர்தான் கட்டுவார்" என்பது இன்னொரு வாதம். லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அரங்கத்துக்கு ஹோட்டல் அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் தந்தது. 2020-இல் ஹோட்டல்கள் காலியானபோது, தவணை கட்ட ரிசர்வ் நிதியில் கைவைக்க வேண்டி வந்தது. பிறகு வசூல் மீண்டுவிட்டது. லாஸ் வேகாஸுக்கு அது முடிந்தது. எல்லா ஊரும் லாஸ் வேகாஸ் இல்லையே.

டீம் இருப்பது சந்தோஷம், அதற்காகச் செலவு செய்கிறோம் என்று ஒரு ஊர் முடிவெடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பூங்காவுக்கும் அப்படித்தானே செலவு செய்கிறோம். அந்தச் சந்தோஷத்தின் முழு விலையும் ஓட்டுக்கு முன்னால் தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம். கடன் தீரும் ஆண்டையும் குத்தகை முடியும் ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடன் பிந்தித் தீர்ந்தால் அது அபாயம். கட்டுமானச் செலவு எகிறினால் யார் தலையில், கூரை ஒழுகினால் யார் சரிசெய்வது, அரங்கத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையும் பார்க்கிங் வருமானமும் யாருக்கு, டீம் நடுவில் கிளம்பினால் பாக்கிக் கடனை அடைத்துவிட்டுப் போக வேண்டுமா என்பதை எல்லாம் தேடுங்கள். ஏற்கெனவே வெளியான பத்திரங்களின் ஆவணங்கள் எம்மா (EMMA) என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் ஊரின் பழைய அரங்கக் கடனை அங்கே பார்க்கலாம். புதுத் திட்டத்தின் வரைவுக் குத்தகையைக் கவுண்டி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். "இன்னும் தயாராகவில்லை" என்று பதில் வந்தால், தயாராகும்வரை ஓட்டெடுப்பைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பொதுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். இதைக் கேட்க அது போதும்.