"சிவப்புத்தானே" என்று சொல்லாதீர்கள்

ஓவியம் பழுதுபார்க்கும் என்னிடம் போன கிழமையும் ஒருவர் வந்தார். இந்த வருஷம் இது நாலாவது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மாடிவீடு. மேற்கு ஜன்னலுக்கு எதிரே பதினைந்து வருஷமாகத் தொங்கிய, உருவம் எதுவும் இல்லாமல் நிறத்தாலேயே ஆன பெரிய அரூப ஓவியம். லண்டனுக்குப் போய் அங்கேயே காலமான அவருடைய பெரியம்மா வரைந்தது.

"இதில முகமா, கண்ணா இருக்கு தம்பி? சிவப்புத்தானே. மங்கின இடத்துக்கு மேலால அதையே பூசிவிடுங்கோ."

சட்டத்தைக் கழற்றிக் காட்டினேன். சட்டம் மூடியிருந்த ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மாதுளைச் சிவப்பு. மற்றதெல்லாம் வெளிறிய செங்கல் நிறம். அவர் கனநேரம் பேசவில்லை.

எனக்கு ஆற்றாமை தருவது இந்தச் "சிவப்புத்தானே"தான். உருவம் உள்ள படத்தில் சேலை மங்கினாலும் முகம் மிஞ்சும். அரூபத்தில் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. நிறம் போனால் படமே போயிற்று. அதுவும் ஒரு சிவப்பு அல்ல. அடியில் ஒன்று, அதன்மேல் தண்ணீராய்க் கரைத்து ஓடவிட்ட இன்னொன்று. நான் ஒரு ரியூபைப் பிதுக்கிப் பூசினால் அது பெரியம்மாவின் படம் இல்லை, என் படம்.

பெரிய இடத்திலும் இதுதான் நடந்தது. அரூப ஓவியர் மார்க் ரொத்கோ 1903இல் இன்றைய லத்வியாவில் பிறந்து, 1913இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உணவு மண்டபம் ஒன்றில் 1964இல் அவருடைய ஐந்து பெரிய ஓவியங்களை மாட்டினார்கள். அவர் கலந்திருந்த லித்தோல் சிவப்பு வெயில் தாங்காத சாயம். 1979 அளவில் எல்லாவற்றையும் கழற்றி இருட்டில் வைக்க வேண்டியதாயிற்று. 2014இல் மறுபடி காட்சிக்கு வைத்தபோது மங்கிய நிறத்தின்மேல் வர்ணம் பூசவில்லை. வார்னிஷ் இல்லாத பரப்பில் பூசினால் பிறகு எடுக்க முடியாது. பழைய போட்டோக்களையும், மாட்டாமல் மிஞ்சிய ஆறாவது ஓவியத்தையும் வைத்துக் கணக்கிட்டு, இழந்த நிறத்தைப் புரொஜெக்டர் வெளிச்சமாகப் படத்தின்மேல் விழச்செய்தார்கள். அணைத்தால் மங்கிய படம் அப்படியே இருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருந்தால், மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். மெல்லிய திரைச்சீலை போதாது. ஈரத்துணியால் துடைக்கவே வேண்டாம், விரலால் தடவியும் பார்க்காதீர்கள். மழைக்காலத்தில் சுவர் குளிரும். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி, காற்றுப் போக விடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள், தயவுசெய்து. வரைந்தவர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டு, என்ன வர்ணம், வார்னிஷ் பூசினாரா என்று கேட்டு எழுதி வையுங்கள். வெள்ளவத்தைக்காரருக்குக் கேட்க ஆளில்லை. அவருடைய படத்தை வெயில் படாத உள்சுவருக்கு மாற்றினோம், வர்ணம் தொடவில்லை.