ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்தான்

போன கிழமை யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து ஒரு தாய் சட்டத்தரணியான என்னிடம் வந்தார். மகனைப் பொலிஸ் நிலையத்தில் வைத்து அடித்திருக்கிறார்கள். மருத்துவத் துண்டு இருக்கிறது, சாட்சியும் இருக்கிறது.

"எப்ப நடந்தது அம்மா?"

"நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல்நாள். திருவிழா முடியட்டும் எண்டு இருந்திட்டம் தம்பி."

திருவிழா 25 நாள். அது முடிந்தபோதுகூட நேரம் இருந்தது. பிறகு ஒரு எம்.பி.யைப் பார்க்க அலைந்து, என்னிடம் வரும்போது 43ஆம் நாள். இந்த வருடம் இப்படி வந்த நாலாவது ஆள் இவர்.

இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். அது இருப்பது கொழும்பு புதுக்கடையில். பத்திரங்கள் தயாரிக்கவே எங்களுக்குப் பல நாள் தேவை.

காணி உரிமைக்குப் பத்து வருட ஆட்சிக் கணக்குப் பார்த்துப் பழகிய ஊர் இது. அதனால் எல்லாவற்றையும் "ஆறுதலாப் பாப்பம்" என்கிறோம். எம்.பி.யிடம் கடிதம் கொடுத்தால் அந்த ஒரு மாதக் கணக்கு நிற்காது. ஜனாதிபதிக்கு எழுதினாலும் நிற்காது. பொலிஸ் மேலதிகாரியிடம் முறையிட்டாலும் நிற்காது, நிற்கவே நிற்காது! 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அதற்கும் முறைப்பாடு கொடுத்த வெறும் பற்றுச்சீட்டு போதாது, விசாரணை நடப்பதற்கு ஆதாரம் வேண்டும். தடுப்பில் கிடந்து வர முடியாமற் போனவர்களின் தாமதத்தை நீதிமன்றம் சில வேளை பொறுத்திருக்கிறது. திருவிழாவை அப்படிக் காட்ட முடியாது.

(அண்ணன் வேலியை அரக்கி அடைத்ததற்கும் இந்த மனுவைக் கேட்டு வருகிறார்கள். இது அரசுக்கும் அதன் அதிகாரிகளுக்கும் எதிரானது மட்டுமே.)

சித்திரவதையை 11ஆம் உறுப்புரை யாருக்கும் விலக்கில்லாமல் தடுக்கிறது. ஆனால் யாரும் மனுப் போடாவிட்டால் அடித்தவர் எவருக்கும் பதில் சொல்லாமலே தப்பிவிடலாம். அடுத்த பிள்ளையையும் அதே அறைக்குள்தான் கொண்டுபோவார்.

அடி விழுந்தால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். வைத்தியரிடம் "விழுந்திட்டன்" என்று சொல்லாதீர்கள், யார் அடித்தது என்று சொல்லுங்கள். காயங்களைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் சட்ட வைத்திய அதிகாரியைக் கேளுங்கள். நீதவான் முன் நிறுத்தினால் அங்கேயும் வாய் திறவுங்கள். வாசிக்கத் தெரியாத சிங்கள வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், தமிழும் அரசகரும மொழிதான்.

காசில்லை என்று தயங்க வேண்டாம், சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. என்னிடம்தான் வரவேண்டும் என்றில்லை. எந்தச் சட்டத்தரணியிடமென்றாலும் சரி, தயவுசெய்து அந்தக் கிழமையே போங்கள்.