ரிவ்யூ என்னும் மதிப்புரை

புது வீடியோ கேம் ஒன்று வெளிவந்ததும் வாங்க நினைப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "ரிவ்யூ எப்படி?" பெரும்பாலும் பதிலாக ஓர் எண் வரும். "ஒன்பது போட்டிருக்காங்க." அதோடு பேச்சு முடிந்து பணம் கைமாறிவிடும். ரிவ்யூ என்ற சொல்லின் பொருளுக்கும் இந்த எண்ணுக்கும் உறவு கொஞ்சம்தான்.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. மூலம் லத்தீன்: 'ரெ' என்றால் மறுபடி, 'விதேரே' என்றால் பார்த்தல். அதாவது திரும்பப் பார்த்தல், ஒருமுறைக்கு இருமுறை பார்த்தல். வீடியோ என்பதும் இதே விதேரேயின் பிள்ளைதான். லத்தீனில் அதற்கு 'நான் பார்க்கிறேன்' என்று பொருள். வீடியோ கேம் ரிவ்யூ என்று சொல்கிறவர் ஒரே வேரை இரண்டு தடவை உச்சரிக்கிறார். ரிவ்யூ அச்சாகும் மேகசின் வேறு குடும்பம். கிடங்கைக் குறிக்கும் 'மக்ஸன்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. துப்பாக்கியில் தோட்டா அடைக்கும் பகுதிக்கு அந்தப் பெயர் இருப்பதும் இதனால்தான். 1731இல் லண்டனில் தொடங்கிய 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' தன்னைப் பலசரக்குக் கிடங்கு என்ற பொருளில் இப்படி அழைத்துக்கொள்ள, பிறகு வந்த பருவ வெளியீடுகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் இதற்கு 'இதழ்' நன்றாக நிலைத்துவிட்டது.

ரிவ்யூவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அலுவலகத்தில் அது ஆய்வுக் கூட்டம், நீதிமன்றத்தில் சீராய்வு மனு, இலக்கியத்தில் திறனாய்வு, சினிமாவுக்கு விமர்சனம், புத்தகத்துக்கு மதிப்புரை. சரி, கேமுக்கு எது?

விமர்சனம் வடமொழிச் சொல். எண்ணிப் பார்த்தல், ஆராய்தல் என்பதே மூலப்பொருள். ஆனால் வழக்கில் அது சாய்ந்துவிட்டது. "அவரை விமர்சித்தார்" என்று படித்தால் ஏதோ திட்டியிருக்கிறார் என்றுதான் தோன்றும். திறனாய்வு கொஞ்சம் கனம். ஒரு படைப்பு வந்து ஆண்டுகள் கழித்தும் அதை அக்குவேறு ஆணிவேறாக அலசுவதற்கு அது பொருந்தும். இந்த வாரம் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை. மதிப்புரையில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. மதிப்பு என்பது தகுதியையும் குறிக்கும், விலையையும் குறிக்கும். உரை என்றால் விளக்கிச் சொல்வது. காசு கொடுக்கும் முன் படிக்க வேண்டிய ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. எழுதுபவர் மதிப்புரையாளர். அவர் கடைசியில் போடும் எண் மதிப்பெண். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பது நல்ல வசதி.

இந்த மதிப்பெண் விளையாட்டில் பேர்போனது ஜப்பானின் ஃபாமிட்சு என்னும் கேம் இதழ். 1986இல் தொடங்கிய அதில் ஒரே கேமை நான்கு பேர் தனித்தனியாக மதிப்பிட்டு ஆளுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று போடுவார்கள், மொத்தம் நாற்பது. 1998இல் 'தி லெஜெண்ட் ஆஃப் செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்' என்ற கேம் முதன்முறையாக முழு நாற்பதையும் வாங்கியது. இந்த முறையில் கூட்டுத்தொகையைவிட உள்ளே இருக்கும் நான்கு எண்கள்தான் சுவாரசியம். ஒரு கேமுக்கு 8, 8, 7, 7 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 30. இன்னொன்றுக்கு 9, 9, 7, 5, அதுவும் 30தான். முதலாவது யாரையும் பெரிதாக ஏமாற்றாத கேம். இரண்டாவதை இரண்டு பேர் கொண்டாடியிருக்கிறார்கள், ஒருவர் அலுத்துப்போயிருக்கிறார். நீங்கள் அந்த இரண்டு பேரைப் போன்றவரா, அந்த ஒருவரைப் போன்றவரா என்பதை 30 சொல்லாது. பக்கத்தில் அச்சாகியிருக்கும் நாலு வரி உரை சொல்லும்.

2001இல் வந்த மெட்டாக்ரிட்டிக் தளம் ஒரு படி மேலே போய், பல இதழ்களின் மதிப்பெண்களைத் திரட்டி நூற்றுக்கு ஒரே எண்ணாக்கியது. எல்லா இதழுக்கும் சம எடை கிடையாது, எதற்கு எவ்வளவு என்பதை அவர்கள் வெளியிடுவதும் இல்லை. எழுபத்தைந்தும் அதற்கு மேலும் என்றால் பச்சை நிறம். நம் கண்ணும் அந்தப் பச்சையிலேயே நின்றுவிடுகிறது.

ரிவ்யூவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் ப்ரிவ்யூ. தமிழில் முன்னோட்டம். கேம் முழுதாகத் தயாராகும் முன், நிறுவனம் காட்டிய பகுதியை மட்டும் பார்த்து எழுதுவது இது. அதில் பாராட்டு நிறைய இருக்கும், தீர்ப்பு இருக்காது, இருக்கவும் முடியாது. பழைய இதழ்களில் பக்கம் பக்கமாக வந்த வண்ணப் படக் கட்டுரைகள் பலவும் இந்த வகைதான். அதைப் படித்துவிட்டு முன்பதிவு செய்கிறவர் மதிப்புரை எதையும் இன்னும் படிக்கவில்லை. அப்புறம், இதழை நடத்துவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1988இல் தொடங்கிய நிண்டெண்டோ பவர் நல்ல இதழ்தான், கேமில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வரைபடமும் உத்தியுமாக அள்ளிக் கொடுத்தது. ஆனால் அதை வெளியிட்டது கேம் தயாரிக்கும் நிண்டெண்டோ நிறுவனமே. தன் சரக்கை வாங்காதே என்று எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

மதிப்புரையே ஆனாலும் எந்தக் கருவியில் ஆடி எழுதினார் என்று பார்க்காமல் விட்டால் ஆபத்து. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேம் வெளியாகும் முன் மதிப்புரையாளர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டுமே. மதிப்பெண்கள் உயரத்தில் இருந்தன. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கன்சோல்களை, அதாவது டிவியில் இணைத்து ஆடும் கேம் கருவிகளை, வைத்திருந்தவர்கள் அதை நம்பி வாங்கி, திணறும் படமும் அடிக்கடி நின்றுபோகும் ஆட்டமுமாக அவதிப்பட்டார்கள். சுமார் ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் இணையக் கடையிலிருந்து அந்த கேமையே எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அந்த மதிப்புரைகள் பொய் இல்லை. கணினிக்கு எழுதியதை கன்சோலுக்கும் சேர்த்துப் படித்ததுதான் வினை.

யூசர் ரிவ்யூ என்பதற்கு 'பயனர் மதிப்புரை' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு 'பயனர் கருத்து' போதும் என்று படுகிறது. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் அதற்கு மதிப்பெண்ணே கிடையாது, பரிந்துரைக்கிறேன் அல்லது பரிந்துரைக்கவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் ஒரு வரிக் கிண்டல். ஆனால் கருத்து எழுதியவர் அந்த கேமை எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்பதும் கூடவே தெரியும். அரை மணி நேரத்தில் சலித்தவர் சொல்வது ஒன்று, நானூறு மணி நேரம் ஆடிவிட்டுப் பரிந்துரைக்கவில்லை என்பவர் சொல்வது வேறு. இரண்டாமவர் எழுதியிருப்பதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவது என் வழக்கம்.