12 பொம்மைக்குப் பத்தாயிரம் ஃபாலோயர் எதற்கு?

"விளம்பரம் எப்படிச் செய்வது?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஒன்றைச் செய்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது?" கைவினைப் பொருள் விற்கிறவர்களுக்குக் கணக்கும் விற்பனையும் பார்த்துச் சொல்வது என் வேலை. இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொன்னவர்கள் குறைவு. "டிவி பார்த்துக்கொண்டே பின்னுவேன், மணி பார்த்ததில்லை" என்பார்கள்.

குரோஷே, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் முறையில், பொம்மை செய்யும் பெண் ஒருவர் வந்திருந்தார். அவர் போட்ட சின்ன வீடியோ ஒன்று எங்கெங்கோ பரவி, ஒரே வாரத்தில் பல மாத வேலைக்கான ஆர்டர் வந்துவிட்டது. ஒன்றையும் வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை. ராத்திரியெல்லாம் பின்னினார். மணிக்கட்டு வீங்கியது, பார்சல்கள் தாமதமாயின, "எவ்வளவு அழகு!" என்று எழுதிய அதே ஆட்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டால், ஒரு மணி நேர வேலைக்கு அவர் கையில் நின்றது மிக அற்பம். வேறொருவரை அந்தக் கூலிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். விளம்பரம் நன்றாகவே வேலை செய்தது. கெடுத்ததும் அதுதான்.

ஒரு பொம்மைக்கு ஆறு மணி நேரம். வாரத்துக்கு 40 மணி நேரம் உழைக்கிறார் என்றால், படம் எடுப்பது, பேக்கிங், நூல் வாங்கப் போவது, "இது நீலத்தில் கிடைக்குமா?" என்கிற செய்திகளுக்குப் பதில் எழுதுவது என்று பாதி போய்விடும். மீதி 20. வாரம் மூன்று பொம்மை, மாதம் 12 அல்லது 13, ஆண்டுக்குச் சுமார் 150. அவ்வளவுதான் அந்தக் கைகளால் முடியும். ஆக அவருக்கு ஆண்டுக்கு 150 பேர் வாங்கினால் போதும், வாங்கியவர்களே திரும்ப வந்தால் அதுவும் வேண்டாம். தொழிற்சாலைக்கு ஆர்டர் கூடினால் இன்னொரு ஷிப்ட் ஓட்டலாம். பின்னலாடைக்கு இயந்திரம் இருக்கிறது, ஆனால் குரோஷேவை இன்றும் கையால்தான் போட வேண்டியிருக்கிறது. நமக்குத் தேவை பெரிய கூட்டம் அல்ல, சரியான விலையைக் கொடுக்கும் 150 பேர்.

சரி, சரியான விலை எது? நூல் விலையை இரண்டால் பெருக்கி வைப்பவர்கள்தான் அதிகம். அதில் அவர்களுடைய கூலி எங்கே இருக்கிறது? பொருள் செலவு, உழைத்த நேரத்துக்குக் கூலி, மின்சாரம், பேக்கிங், கருவித் தேய்மானம், எல்லாவற்றுக்கும் மேல் லாபம். கூலியும் லாபமும் வேறு வேறு. கடைக்காரர் மொத்தமாக எடுத்தால் பெரும்பாலும் சில்லறை விலையில் பாதிதான் தருவார். அந்தப் பாதியிலும் உங்கள் கூலி நிற்கவில்லை என்றால் கடைப் பக்கம் போகவே வேண்டாம். "விற்றால் காசு" என்று வைக்கும் கடைகள் கூடுதல் பங்கு தரக்கூடும், ஆனால் பணம் எப்போது வரும், பொருள் அழுக்கானாலோ காணாமல் போனாலோ யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையச் சந்தையில் விற்றாலும் பிடித்தம் உண்டு. 2005-இல் தொடங்கிய, கைவினைப் பொருள்களுக்குப் பேர்போன எட்ஸி தளம், 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணத்தை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியது. பலர் கவனிக்காதது, வாங்குபவரிடம் தபால் செலவு என்று தனியாக வாங்கும் தொகையிலும் அந்தச் சதவீதம் எடுக்கப்படுகிறது என்பது. பணம் வந்துசேரும் கட்டணம், பட்டியலிடும் கட்டணம் எல்லாம் தனி. நான் இவற்றைக் குறை சொல்லவில்லை. ஆள் வருகிற இடத்துக்கு வாடகை கொடுத்துத்தான் ஆக வேண்டும். விலை வைப்பதற்கு முன் அன்றைய கட்டணப் பக்கத்தைப் படித்துவிடுங்கள் என்கிறேன்.

தள்ளுபடி பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. விலை 100, கூலியோடு சேர்த்து அடக்கம் 70, லாபம் 30 என்று வையுங்கள். 20 சதவீதம் குறைத்தால் லாபம் 10. பழைய 30-ஐப் பார்க்க மூன்று பொம்மை பின்ன வேண்டும், அதாவது ஆறு மணி நேர வேலை பதினெட்டாகிறது. கைக்கு ஏது அவ்வளவு நேரம்?

அந்த 150 பேரை எப்படிப் பிடிப்பது? ஜன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சம், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. படம் எடுக்க இது போதும். பொம்மையை ஒரு கையில் பிடித்தபடி ஒரு படமாவது வேண்டும், அளவு புரியாமல் வாங்கி ஏமாந்தவர் திரும்ப வருவதில்லை. அப்புறம் வார்த்தை. செய்கிறவருக்கு அது அமிகுருமி, பின்னல் பொம்மைக்கு ஜப்பானியப் பெயர். வாங்குகிறவரோ "குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசு" என்றுதான் தேடுவார். "அன்போடு செய்தது" என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். "கண்கள் ஒட்டியவை அல்ல, நூலால் தைத்தவை, கழன்று வராது" என்று எழுதுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் கழன்று வரும் சிறு பாகம் இருக்கக்கூடாது என்று பல நாடுகளில் சட்டமே உண்டு. பெற்றோர் தேடுவதும் அந்த ஒரு வரியைத்தான்.

வாங்கியவர்களின் முகவரிப் பட்டியலை, அவர்கள் சம்மதத்தோடு, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஃபாலோயர்கள் சமூக ஊடகத் தளத்துக்குச் சொந்தம். அது நாளைக்கே உங்கள் பதிவுகளைக் காட்டாமல் விடலாம், கணக்கையே முடக்கலாம்.

அந்தப் பெண் விலையை ஏற்றினார். மாதம் 12 பொம்மைக்கு மட்டும் முதல் தேதியன்று ஆர்டர் திறப்பார், தகவல் முதலில் பழைய வாடிக்கையாளர்களுக்குப் போகும், 12 சேர்ந்ததும் மூடிவிடுவார். முதல் இரண்டு மாதம் 12 நிறையவில்லை, எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. போன மாதம் பேசியபோது, மூன்றாம் நாளே மூட வேண்டியதாயிற்று என்றார். பழைய விலையை ஞாபகம் வைத்துக்கொண்டு இரண்டு பேர் இப்போதும் சண்டை போடுகிறார்களாம்.