மலத்தில் 'பொசிட்டிவ்': முதலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும், தீபாவளி முடிந்த கையோடு உப்புவெளிப் பக்கமிருந்தும் எங்கள் லாப்புக்கு மலப் போத்தல்கள் வருகின்றன. மறைகுருதி, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் மலத்தில் கலந்திருக்கும் இரத்தம், பார்க்க வேண்டுமாம். மூன்று நாளாக என்ன சாப்பாடு என்று கேட்டால் இறைச்சி, ஈரல், இரத்த வறை. 'பொசிட்டிவ்' என்றதும் புற்றுநோய்தான் என்று வீடே இடிந்துபோகிறது.

மலத்தைப் பூசி மறைகுருதி பார்க்கும் குவாயக் அட்டைக்கு ஆட்டு இரத்தமும் மனித இரத்தமும் ஒன்றுதான். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் இருந்தால், பெரொக்சைட் துளி பட்டதும் நீலமாகும். பச்சை முள்ளங்கி, கோலிஃபிளவர், புரொக்கோலியில் உள்ள நொதியும் அதையே செய்யும். ஆகவே மூன்று நாளைக்கு மாடும் ஆடும் வேண்டாம். இந்த மரக்கறிகளைப் பச்சையாகச் சாப்பிடவும் வேண்டாம். நன்றாக வெந்த மீனும் கோழியும் போதும்.

"இரும்புக் குளிசை குடிக்கிறன், அதாலதான் பொசிட்டிவ்." இதைத் தயவுசெய்து இனிச் சொல்லாதீர்கள். இரும்பு மலத்தைக் கறுப்பாக்கும், அவ்வளவுதான், அட்டையை நீலமாக்காது. கரும்பச்சையை நீலம் என்று வாசிப்பது வாசிப்பவரின் பிழை. அதைவிட, உங்களுக்கு ஏன் இரும்பு எழுதித் தந்தார்கள்? இரத்தம் குறைந்ததால். ஐம்பது வயது ஆணுக்கு இரத்தம் குறைந்து, மலமும் பொசிட்டிவ் என்றால், கட்டாயம் குடலைப் பார்க்க வேண்டியவரே அவர்தான். அவரே குளிசையைச் சாட்டி வீட்டில் இருந்துவிடுகிறார். பீற்றூட்டும் அப்படித்தான்: நிறம் வரும், பொசிட்டிவ் வராது.

மூலத்தில் இரத்தம் வடியும் நாளிலும், மாதவிடாய் நின்று மூன்று நாள் ஆகும் வரையும் மாதிரி தராதீர்கள். மூலம் உள்ளவருக்கும் குடலில் புற்று வரலாம் என்பதை மறக்கவும் வேண்டாம். டைக்ளோபெனாக் போன்ற வலிக் குளிசைகள் இரைப்பையை உண்மையாகவே கசிய வைக்கும். ஒரு கிழமைக்கு முன்பே நிறுத்தலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இருதயத்துக்கு எடுக்கும் அஸ்பிரினை நீங்களாக நிறுத்தவே கூடாது. விட்டமின் சி குளிசை எதிர்ப்பக்கம்: இருக்கிற இரத்தத்தையும் மறைத்துவிடும்.

கொமட் தண்ணீரில் விழுந்ததை அள்ளாதீர்கள். கழுவும் திரவம் பட்டாலே முடிவு கெடும். தாள் விரித்து, ஒரே மலத்தில் இரண்டு இடங்களிலிருந்து குச்சியால் எடுங்கள். வெவ்வேறு மூன்று நாள் மாதிரி வேண்டும். லாப்பில் வேலை செய்யும் எங்கள் பக்கத்துக்கும் ஒரு சொல்: துளி விட்டு ஒரு நிமிடத்துக்குள் வாசியுங்கள். துளி விடுமுன் காய்ந்த அட்டையைத் தண்ணீரால் நனைத்தால் பொய்ப் பொசிட்டிவ் கூடும்.

வைத்தியர் தந்த துண்டில் 'ஃபிட்' (FIT, மறைகுருதி பார்க்கும் இன்னொரு சோதனை) என்றிருந்தால் பத்தியம் தேவையில்லை. அது மனித இரத்தத்திலுள்ள குளோபின் என்ற புரதத்தை மட்டுமே பிடிக்கும். ஆனால் மத்தியான வெயிலில் மூதூர் பஸ்ஸில் வந்த மாதிரியில் குளோபின் சிதைந்து, இரத்தம் இருந்தும் நெகட்டிவ் வரலாம். காலையிலேயே, குளிராக வைத்துக் கொண்டு வாருங்கள்.

பொசிட்டிவ் வந்தபின் வேறு லாப்பில் நெகட்டிவ் வாங்கிக்கொண்டு முதல் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாதீர்கள். கட்டி தினமும் கசிவதில்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் கிளினிக்குக் கொண்டுபோய், சாப்பிட்டதையும் குடித்த குளிசைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். கொலொனோஸ்கோப்பி (குழாய்க் கமராவால் பெருங்குடலைப் பார்ப்பது) வேண்டுமா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.