கதவுதான் பெட்டி

மண்டபம் தாண்டி பாம்பன் பாலத்தில் ஏறியதும் கார் கண்ணாடியை இறக்காதவர்கள் குறைவு. இறக்கியதும், காரில் ஓடும் பாட்டில் முதலில் காணாமல் போவது மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம். வலப்பக்கமான வலந்தலையின் 'டிக் டிக்' கேட்கும், தொப்பியின் 'தொம்' கேட்காது. காற்றும் டயரும் போடும் இரைச்சலில் தாழ்ந்த சுருதிதான் அதிகம். அது பாட்டின் தாழ்ந்த சுருதியை மூடிவிடுகிறது. வால்யூமைக் கூட்டினால் ஸ்பீக்கர் கரகரக்கும். உடனே புது ஸ்பீக்கருக்கு விலை கேட்கக் கிளம்பிவிடுகிறோம்.

அதற்கு முன்னால் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிரும் கூம்பு, முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அவ்வளவு நீண்ட அலை, சின்ன ஓட்டை கிடைத்தாலும் பின்னாலிருந்து முன்னால் வளைந்து வந்துவிடும். வீட்டு ஸ்பீக்கரை மரப்பெட்டிக்குள் அடைப்பது இதனால்தான். காரில் அந்தப் பெட்டி, கதவு.

ஆனால் கதவின் உள்தகடு முழுக்க ஓட்டை. அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளும், கண்ணாடி ரிப்பேர் ஒன்று நடந்திருந்தால் பாதி கிழிந்து தொங்கும். பியூட்டைல் ஷீட் (ஒட்டும் ரப்பர் தாள்) வாங்கி அந்த ஓட்டைகளை அடைத்து, ஸ்பீக்கரைச் சுற்றி ஃபோம் வளையம் வைத்தால் பழைய ஸ்பீக்கரிலேயே தொப்பி பேசும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் இருக்கும் வெளித்தகட்டிலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். ஒட்டும் முன் விரலால் தட்டினால் 'டங்', ஒட்டிய பின் 'டொக்'. என்னைக் கேட்டால், முதல் காசு இதற்குத்தான்.

கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். நம் கடற்கரையில் உப்புக்காற்று கதவுக்குள்ளும் போகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்புக் கம்பி முனையில் பச்சைக் களிம்பு பூக்கும். அந்த இணைப்பில் ஒரு ஓம் தடை கூடினாலே, 4 ஓம் ஸ்பீக்கருக்குப் போகும் வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். களிம்பைச் சுரண்டிவிட்டு, சாலிடர் வைத்து மூடுங்கள்.

அப்புறமும் புது ஸ்பீக்கர் வேண்டுமா? சரி, முன்கதவு இரண்டுக்கு மட்டும் வாங்குங்கள். ஸ்பீக்கர் வரும் அட்டைப்பெட்டியில் 300 வாட்ஸ் என்று போட்டிருப்பது உச்சக் கணக்கு. தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத கார் ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவது 15, 20 வாட்ஸ்தான். அதனால் சென்சிடிவிட்டியை, அதாவது அதே வாட்ஸில் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பாருங்கள். 89 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்ஸிலேயே தந்துவிடும்.

கீழக்கரையில் என் மச்சான் அப்படித்தான் பார்த்து வாங்கினார். மாட்டியதும் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, முன்பைவிடக் குறைந்துவிட்டது. "காசு வீணா மச்சான்?" என்றார், முகம் வாடி. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு கதவின் வயர் ஜோடியிலும் ஒரே மாதிரி தொட்டுப் பார்த்தோம். வலது கோன் வெளியே வந்தது, இடது கோன் உள்ளே போனது. இடக்கதவில் பிளஸும் மைனஸும் மாறியிருந்ததால், ஒரு கோன் தள்ளிய காற்றை இன்னொன்று இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு வயரை இடம் மாற்றியதும், அதே பாட்டில் 'தொம்' வந்தது.